மூச்சை எண்ணிய வரலாறு

மழை பிடித்துவிட்டது. வரவு இடாப்பைத் திறந்தால் ஒவ்வொரு வகுப்பிலும் ஐந்தாறு பேர் இல்லை. பெற்றோர் அனுப்பும் கடிதங்களில் பெரும்பாலும் ஒரே வரிதான்: தடிமன், காய்ச்சல், இருமல். மூன்று நாளில் சிலர் வருவார்கள், ஒரு கிழமையில் மற்றவர்கள் வருவார்கள். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாலும் வருவார்கள், கொடுக்காவிட்டாலும் வருவார்கள். ஆனால் இருமும் பிள்ளைகள் நூறு பேரில் யாரோ ஓரிருவருக்கு அது தடிமனாக இருக்காது. நெஞ்சுக்குள் வேறொன்று நடந்துகொண்டிருக்கும். அந்த ஓரிருவர் யார் என்பதை வீட்டிலோ கிராமத்து டிஸ்பென்சரியிலோ வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்விக்கு மனிதர்கள் விடை தேடிய கதையைத்தான் இன்று எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். தேநீரை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

முகநூலில் அடிக்கடி ஒரு வகைப் பதிவு வரும்: இன்றைய மருத்துவம் முழுவதையும் நம்மவர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று. அப்படி எழுத நாங்கள் வரவில்லை. ஆனாலும் ரை நகரத்து அர்-ராஸியை விட்டுவிட்டு இந்தக் கதையைத் தொடங்க முடியாது. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு நோய்களைக் கட்டிலருகே நின்று பிரித்தறிவது எப்படி என்று அவர் ஒரு நூலே எழுதினார். பெரியம்மையும் சின்னமுத்தும்தான் அந்த இரண்டு நோய்கள். சின்னமுத்து வந்த பிள்ளையை இறுதியில் கொன்றது பெரும்பாலும் அதன் பின்னால் வந்த நியூமோனியா என்பது பிற்காலத்தில் தெரிந்த விடயம். அதே அர்-ராஸி, அபூ ஸைத் அல்-பல்கீ என்ற அறிஞருக்கு வசந்த காலத்தில் ரோஜாப் பூவை முகர்ந்தால் மட்டும் ஏன் மூக்கொழுகுகிறது என்று தனியாக ஒரு சிறு கட்டுரையும் எழுதினார். இன்று அலர்ஜி என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஏறத்தாழ ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்னர் ஒரு மனிதர், இது தொற்றும் தடிமன் அல்ல, வேறொன்று என்று பிரித்துப் பார்த்திருக்கிறார். பின்னர் 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில், அய்யூபிய அரசவையில் வைத்தியராக இருந்த மூஸா இப்னு மைமூன் என்ற யூதர், தொய்வினால் அவதிப்பட்ட உயர்குடி நோயாளி ஒருவருக்காக அரபியில் ஒரு நூல் எழுதினார். அதில் மருந்தை விட நல்ல காற்று, உணவு, உறக்கம் ஆகியவைதான் அதிகம். கோழிச் சூப்பும் உண்டு.

இவர்கள் எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள், கேட்டு விசாரித்தார்கள். எண்ணியவர் யார் என்று தேடினால் எங்களுக்கு முதலில் எதிர்ப்படுபவர் இங்கிலாந்தின் லிச்ஃபீல்ட் ஊரைச் சேர்ந்த ஜோன் ஃபுளோயர். அவருக்கே தொய்வு இருந்தது. 1698இல் அந்த நோயைப் பற்றி நூல் எழுதினார். அந்தக் காலத்து மணிக்கூடுகளில் விநாடி முள் அபூர்வம். ஃபுளோயர் சரியாக ஒரு நிமிடம் மட்டும் ஓடி நிற்கும் ஒரு மணிக்கூட்டைச் செய்வித்து, அதை வைத்து நாடித் துடிப்பை எண்ணினார். 1707இல் அதைப் பற்றியும் எழுதினார். மற்ற வைத்தியர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாடியின் தன்மையை விரலால் உணர்வதுதான் கெட்டித்தனம், எண்ணுவது கடைக்காரன் வேலை என்ற நினைப்பு அப்போது இருந்தது. இந்த நினைப்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இருநூற்றைம்பது வருடங்களுக்கு மேலாகியும் அது போகவில்லை.

அதன் பிறகு வந்தது காதின் காலம். 1761இல் வியன்னாவில் அவுன்புருக்கர் என்ற வைத்தியர், நெஞ்சை விரலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு உள்ளே நீர் கட்டியிருக்கிறதா என்று அறியலாம் என எழுதினார். அவர் சத்திரக்காரரின் மகன். பீப்பாயைத் தட்டிப் பார்த்து உள்ளே எவ்வளவு மது இருக்கிறதென்று அறியும் பழக்கத்திலிருந்து அவருக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள். 1816இல் பரிஸில் ரெனே லெனெக், ஒரு பெண் நோயாளியின் நெஞ்சில் காதை வைக்கக் கூச்சப்பட்டு, கடதாசியைச் சுருட்டிக் குழாயாக்கி வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் பிறந்தது இப்படித்தான். நெஞ்சுக்குள் கேட்கும் கரகரப்பு, விசில் சத்தம், அடைத்த சத்தம் எல்லாவற்றுக்கும் அவர் பெயர் வைத்தார். 1826இல் காசநோயில் இறந்தார். வயது 45.

அன்றிலிருந்து நெஞ்சு நோயை அறிவது என்றால் கேட்பது என்றாகிவிட்டது. கழுத்தில் தொங்கும் அந்தக் குழாய்தான் வைத்தியரின் அடையாளம். நம் ஊரில் ஸ்டெதஸ்கோப் வைக்காமல் மருந்தெழுதினால், "பாக்கவே இல்ல" என்று சொல்லிக்கொண்டு வெளியே வருவார்கள். குழாயில் கேட்பதைப் பழக வருடக்கணக்கில் எடுக்கும் என்பதும், பழகிய இரண்டு வைத்தியர்களே ஒரே பிள்ளையின் நெஞ்சில் வேறு வேறு சத்தம் கேட்பதுண்டு என்பதும் அதிகம் பேசப்படுவதில்லை.

இனி மருந்துக்கு வருவோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூமோனியாவுக்கு மருந்தே கிடையாது. அக்காலத்தின் மிகப் பெரிய வைத்திய ஆசான் வில்லியம் ஒஸ்லரே 1919 டிசம்பரில் அதில்தான் போனார். 1930களின் இறுதியில் சல்பா வகை மாத்திரைகள் வந்தன. 1943 டிசம்பரில் தூனிசியாவில் சேர்ச்சில் நியூமோனியாவில் விழுந்தபோது அவருக்குக் கொடுக்கப்பட்டது சல்பாதான். (ஒரு ஏழை விவசாயியின் மகன் ஃபிளெமிங், சிறுவன் சேர்ச்சிலைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றியதாகவும், பின்னர் பென்சிலின் கொடுத்து மீண்டும் காப்பாற்றியதாகவும் வட்ஸ்அப்பில் சுற்றும் கதை உங்களுக்கும் வந்திருக்கும். அது கட்டுக்கதை. காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள்.) அதற்குப் பின் பென்சிலின் பரவலானது. சில சதங்களுக்கு வாங்கக்கூடிய மருந்துகள் அடுத்தடுத்து வந்தன.

மருந்து வந்துவிட்டது, நோய் தீர்ந்திருக்க வேண்டும் அல்லவா? தீரவில்லை. 1980களில் உலகில் வருடத்துக்கு 40 இலட்சம் அளவிலான சிறு பிள்ளைகள் சுவாச நோய்களால் இறந்துகொண்டிருந்தார்கள் என்று மதிப்பிடப்பட்டது. மருந்து நகரத்தில் இருந்தது. எந்தப் பிள்ளைக்கு அது தேவை என்று சொல்லக்கூடிய காது வைத்தியரிடம் இருந்தது. பிள்ளையோ மலையில் இருந்தது.

பப்புவா நியூகினி என்ற நாட்டை உலகப்படத்தில் காட்டச் சொன்னால் நம் மாணவர்களில் பலர் தடுமாறுவார்கள். அவுஸ்திரேலியாவுக்கு வடக்கே, மலையும் காடும் நிறைந்த நாடு. அதன் மேட்டு நிலத்தில் கொரோகா என்ற ஊர். 1980களின் தொடக்கத்தில் அங்கு பணியாற்றிய அவுஸ்திரேலியக் குழந்தை வைத்தியர் பிராங்க் ஷானும் அவருடைய தோழர்களும் இரண்டு வேலைகளைச் செய்தார்கள். முதலாவது, கடும் நியூமோனியா வந்த பிள்ளைகளின் நுரையீரலிலிருந்து ஊசியால் சிறிதளவு எடுத்துச் சோதித்தார்கள். பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளில் பக்றீரியா இருந்தது. அப்படியானால் மலிவான அன்டிபயோடிக் இவர்களைக் காப்பாற்றும்.

இரண்டாவது வேலைதான் எங்களுக்கு முக்கியம். இருமலோடு வந்த பிள்ளைகளை எடுத்து, வைத்தியர் ஸ்டெதஸ்கோப்பில் கரகரப்புக் கேட்டவர்களையும் கேட்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். குழாய் இல்லாமலே இவர்களைப் பிரிக்கக்கூடிய அடையாளம் ஏதாவது உண்டா என்று தேடினார்கள். காய்ச்சலின் சூடு அவ்வளவாக உதவவில்லை. உதவியது மூச்சின் வேகம். நிமிடத்துக்கு 50க்கு மேல் மூச்சு விடும் இருமல்காரப் பிள்ளைக்கு அன்டிபயோடிக் கொடு, மூச்சிழுக்கும்போது கீழ் நெஞ்சு உள்ளே குழிந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியான கட்டுரையின் சாரம் இவ்வளவுதான்.

ஏன் மூச்சு வேகமாகிறது? புதிதாக வாங்கிய தடித்த பலூனை ஊதிப் பாருங்கள். பெரிதாக ஊதுவது கஷ்டம், கொஞ்சம் கொஞ்சமாக ஊதுவது இலகு. கிருமி புகுந்து நீரும் சீழும் நிறைந்த நுரையீரல் அப்படி விறைத்துப்போகிறது. ஆழமாக இழுக்க முடியாத பிள்ளை, குட்டி மூச்சுகளாக அடிக்கடி இழுத்துச் சமாளிக்கிறது. இன்னும் விறைத்தால், பிள்ளை முழுப் பலத்தோடு இழுக்கும்போது காற்று உள்ளே வருவதற்குப் பதிலாக மெல்லிய விலா எலும்புகளே உள்ளே இழுபடுகின்றன. அந்தக் கட்டத்தில் சில பிள்ளைகள் களைத்துப்போய் மூச்சின் வேகம் குறைந்தும் விடலாம். அதைப் பார்த்து "இப்ப கொஞ்சம் சுகம்" என்று நினைப்பதுதான் ஆபத்து. எண்ணிக்கை மட்டும் போதாது, சட்டையைத் தூக்கி நெஞ்சையும் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

50 என்ற எண் எல்லா வயதுக்கும் பொருந்தவில்லை. இதைத் திருத்தியதில் ஒரு பங்கு தமிழ்நாட்டின் வேலூருக்கு உண்டு. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குழுவினர் 1988இல் லான்செட் சஞ்சிகையில் எழுதிய ஆய்வில், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50, அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 40 என்று எல்லையைப் பிரித்தால்தான் சரியாகப் பிடிபடுகிறது என்று காட்டினார்கள். வயது கூடக் கூட இயல்பான மூச்சின் வேகம் குறையும். மூன்று வயதுப் பிள்ளை 45 தடவை மூச்சு விட்டால் அது வேகம்தான். பழைய கணக்கில் அந்தப் பிள்ளை தப்பிப்போயிருக்கும். வேறு நாடுகளிலும் பார்த்தார்கள். இறுதியில் உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் சொன்ன கணக்கு இது: இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40. அந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் வேகமான மூச்சு.

எண்ணத் தெரிந்தால் போதும் என்றால், எண்ணுபவர் வைத்தியராக இருக்க வேண்டுமா? இங்கேதான் சண்டை தொடங்கியது. பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண்ணின் கையில் அன்டிபயோடிக் கொடுப்பதா, அவள் நியூமோனியாவைக் கண்டுபிடிப்பாளா என்று படித்தவர்கள் கேட்டார்கள். இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில் கட்சிரோலி என்று ஒரு மாவட்டம். காட்டுப் பகுதி, பழங்குடி மக்கள் அதிகம். அபய் பங், ராணி பங் என்ற வைத்தியத் தம்பதி அமெரிக்காவில் பொதுச் சுகாதாரம் படித்துவிட்டு அங்கே போய்க் குடியேறினார்கள். கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களுக்கும் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவிச்சிகளுக்கும் மூச்சை எண்ணவும், கோட்ரைமொக்ஸசோல் மருந்து கொடுக்கவும் பழக்கினார்கள். 58 கிராமங்களில் இதைச் செய்து, 44 கிராமங்களோடு ஒப்பிட்டார்கள். சிகிச்சை பெற்ற நியூமோனியாப் பிள்ளைகளில் இறந்தவர்கள் 0.8 வீதம். இந்த ஏற்பாடு இல்லாத கிராமங்களில் 13.5 வீதம். 1990இல் இது லான்செட்டில் வந்தது.

அந்த மருத்துவிச்சிகளில் பலருக்கு ஐம்பது வரை எண்ணத் தெரியாது. அதற்காக அவர்களை ஒதுக்கிவிடவில்லை. ஒரு நிமிடத்தில் மணல் கொட்டி முடியும் மணற்கடிகாரத்தையும் வரிசையாகக் கோத்த மணிகளையும் ஒரே பலகையில் பொருத்தி ஒரு கருவி செய்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் முடியும் முன்னர் சிவப்பு மணியைத் தொட்டுவிட்டால் நியூமோனியா, மருந்தைக் கொடு. கணிதம் படிப்பிக்கும் எங்களுக்கு இதைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமை. எண்ணத் தெரியாதவருக்கு எண்ணிக்கையின் பயனை அப்படியே கையில் கொடுத்துவிட்டார்கள்.

அதே காலத்தில் நேபாளத்தின் ஜும்லா மலைப் பிரதேசத்தில் டொக்டர் மிருகேந்திர ராஜ் பாண்டேயின் குழு இதே முறையை முயன்றது. வீதியே இல்லாத இடம். மூன்றாவது வருடத்தில் ஐந்து வயதுக்குட்பட்டோரின் இறப்பு ஆபத்து 28 வீதம் குறைந்திருந்தது. பல நாடுகளில் நடந்த இத்தகைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2003இல் கணக்கிட்டபோது, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் நியூமோனியா இறப்பு 36 வீதமும், எல்லாக் காரணங்களாலுமான இறப்பு 24 வீதமும் குறைந்திருந்தன. புதிய மருந்து எதுவும் இல்லை. இருந்த மருந்து சரியான பிள்ளைக்குச் சரியான நாளில் கிடைத்தது, அவ்வளவுதான். பாண்டே இன்னொன்றையும் விடாமல் சொன்னவர்: மூடிய வீட்டுக்குள் எரியும் விறகு அடுப்பின் புகை பிள்ளைகளின் நெஞ்சைக் கெடுக்கிறது என்று. நம் குசினிகளில் காஸ் விலை ஏறும்போதெல்லாம் விறகு திரும்பி வருவதைக் காண்கையில் அவருடைய பெயர் எங்களுக்கு ஞாபகம் வரும்.

எண்ணுவது இலகு என்று நினைத்தால் இப்போதே தூங்கும் பிள்ளை ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இருபதுக்குப் பின் மணிக்கூட்டைப் பார்ப்பதா வயிற்றைப் பார்ப்பதா என்று குழம்பும். இதற்காகவே யுனிசெஃப் கையடக்கமான ஒரு நேரக் கருவியை வழங்கியது. விநாடிக்கு விநாடி டிக் டிக் என்று கேட்கும், அரை நிமிடத்திலும் ஒரு நிமிடத்திலும் பீப் அடிக்கும். கண்ணை நெஞ்சிலிருந்து எடுக்கத் தேவையில்லை. 1990களின் நடுப்பகுதியில் சுவாச நோய், வயிற்றோட்டம், மலேரியா, சின்னமுத்து, போசணைக் குறைவு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஒழுங்கில் பார்க்கும் முறையை உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கொண்டுவந்தபோதும் மூச்சை எண்ணுவது அதில் அப்படியே இருந்தது.

இவ்வளவும் புகழ்ச்சி. குறையையும் சொல்லாவிட்டால் இது வரலாறு அல்ல, விளம்பரம். வேகமாக மூச்சு விடும் பிள்ளைகள் எல்லோருக்கும் நியூமோனியா இல்லை. தொய்வு உள்ள பிள்ளையும் வேகமாகத்தான் மூச்சு விடும், நெஞ்சும் குழியும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அதற்கும் அன்டிபயோடிக்தான் போகும். பாகிஸ்தானில் இதைத் தேடிப் பார்த்தபோது, நெஞ்சில் விசில் சத்தத்தோடும் வேகமான மூச்சோடும் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உள்ளிழுத்ததும் சுகப்பட்டார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது பம்ப்தான்.

பம்ப்பின் கதையும் சுவையானது. 1950களில் அமெரிக்க மருந்துக் கம்பனி ஒன்றின் தலைவருடைய 13 வயது மகளுக்குத் தொய்வு. வாசனைத் திரவியம் போல இதையும் ஏன் ஸ்பிரேயாக அடிக்க முடியாது என்று அவள் கேட்டாளாம். 1956இல் அளவாக மருந்து பீச்சும் பம்ப் சந்தைக்கு வந்தது. 1969இல் சல்பியூட்டமோல் வந்தது, நாமெல்லாம் அறிந்த நீலப் பம்ப். ஆனால் சிறு பிள்ளைக்கு அழுத்தும் அதே கணத்தில் இழுக்கத் தெரியாது. இடையில் ஒரு வெற்றுக் கூடு வேண்டும். கடையில் அது விலை. தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் ஹெதர் ஸார் என்ற வைத்தியர் 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலை அதற்குப் பயன்படுத்தி, விலைகொடுத்து வாங்கும் கூட்டுக்கு அது ஈடாக வேலை செய்கிறது என்று 1999இல் நிரூபித்தார். போத்தலின் அடியில் பம்ப்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தத் துளை, மறுமுனை பிள்ளையின் வாயில்.

நம் ஊர்களில் தடையாக இருப்பது போத்தலின் விலை அல்ல. "பம்ப் அடிச்சாப் பழகிரும்", "பொம்புளப் புள்ளைக்கு இதெல்லாம் வெளிய தெரியக் கூடாது" என்ற பேச்சுகள்தான் தடை. பெண் பிள்ளையின் தொய்வை மறைத்து, விளையாட்டுப் போட்டியன்று "வயித்து வலி" என்று கடிதம் அனுப்பும் பெற்றோரை நாங்கள் அறிவோம். பம்ப் பழக்கத்தை உண்டாக்கும் போதைப்பொருள் அல்ல. நீலப் பம்ப் அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் நோய் கட்டுப்பாட்டில் இல்லை, தினமும் எடுக்கும் தடுப்புப் பம்ப் பற்றி வைத்தியரோடு பேச வேண்டும் என்பதே அதன் பொருள்.

அன்டிபயோடிக் பற்றியும் கடைசி வார்த்தை இன்னும் சொல்லப்படவில்லை. கராச்சியின் வறிய குடியிருப்புகளில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வில், வேகமான மூச்சு மட்டும் உள்ள, நெஞ்சு குழியாத பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அமொக்ஸிசிலின், பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் பாணி கொடுத்துப் பார்த்தார்கள். சிகிச்சை பலிக்காமல் போனவர்கள் மருந்து பெற்றவர்களில் 2.6 வீதம், பெறாதவர்களில் 4.9 வீதம். ஆக, மருந்து உதவுகிறது. ஆனால் ஒரு பிள்ளைக்கு அந்த உதவி கிடைக்க 44 பேருக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கொடுப்பதா விடுவதா? வைத்தியசாலை எட்டாத மலையில் கொடுப்பதுதான் நியாயம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அடுத்த நாளே மீண்டும் காட்டக்கூடிய இடத்தில் வைத்தியர் பொறுத்துப் பார்க்கலாம் என்றால் அதிலும் நியாயம் உண்டு. வேகமான மூச்சே இல்லாத வெறும் தடிமனுக்கு, போன மாதம் மிஞ்சிய அமொக்ஸிசிலின் பாணியை வீட்டிலேயே கொடுப்பதில்தான் எந்த நியாயமும் இல்லை.

இருமல் பாணிகள் வேறு. 2022இல் ஆபிரிக்காவின் காம்பியாவில், நச்சு இரசாயனம் கலந்த பாணி மருந்துகளைக் குடித்து எழுபது அளவிலான பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்களில் பலருக்கு வந்தது தானாகவே மாறிவிடக்கூடிய சாதாரணக் காய்ச்சல், தடிமன். தொண்டைக்கு இதமாக இளஞ்சூட்டில் ஏதாவது கொடுங்கள், ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குத் தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் வேண்டாம், அதில் அரிதாக நஞ்சுக் கிருமி இருக்கும். கொதிநீர்ச் சட்டியில் வேது பிடிக்க வைப்பதும் வேண்டாம். அதனால் வெந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் பிள்ளைகள் உண்டு.

2019இலும் உலகில் 7 இலட்சத்து 40 ஆயிரம் சிறுவர்கள் நியூமோனியாவால் இறந்தார்கள். எண்ணிக் கண்டுபிடித்த பின்னும் ஒட்சிசன் இல்லாமல் போன உயிர்கள் அவற்றில் உண்டு. இரத்தத்தில் ஒட்சிசன் குறைவதை விரல் நுனியில் காட்டும் கருவியின் அடிப்படையை 1974இல் ஜப்பானியப் பொறியியலாளர் டகுவோ அஒயாகி கண்டறிந்தார். கொரோனாக் காலத்தில் நம் வீடுகளுக்கே வந்த அந்தச் சிறு கருவி அதுதான். அதே கொரோனா உலகைப் பிடித்த 2020 ஏப்ரலில் அவர் காலமானார். பப்புவா நியூகினியின் ஐந்து வைத்தியசாலைகளில் இந்தக் கருவியையும் ஒட்சிசன் தயாரிக்கும் இயந்திரத்தையும் வைத்தபோது நியூமோனியா இறப்பு 35 வீதம் குறைந்தது. பங்களாதேஷில் டொக்டர் முஹம்மத் ஜொபாயர் சிஷ்தி ஷம்பூ போத்தலை வைத்து மூச்சுக்கு உதவும் கருவி செய்த செய்தி நம் வட்டாரத்தில் நன்றாகப் பகிரப்பட்டது. சந்தோஷம். மணி தள்ளி எண்ணிய மருத்துவிச்சிகளின் செய்தியை யாரும் பகிர்ந்து நாங்கள் காணவில்லை.

நம் நாடு இதில் கொடுத்து வைத்தது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் நீட்சியாகத்தான் இன்றும் மருத்துவமாது நம் வாசலுக்கு வருகிறார். 1984இல் சின்னமுத்துத் தடுப்பூசியும், 2008இல் நியூமோனியாவை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்றான ஹிப்புக்கு எதிரான தடுப்பூசியும் வந்தன. ஆஸ்பத்திரியும் பெரும்பாலும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு, விடியும்வரை பார்ப்போமா, இப்போதே த்ரீவீல் பிடிப்போமா என்று முடிவெடுப்பது உம்மாவும் வாப்பாவும்தான். அந்த நேரத்துக்காக இதை எழுதி குசினிக் கதவில் ஒட்டிவையுங்கள்.

பிள்ளை அமைதியாக இருக்கும்போது, முடிந்தால் தூங்கும்போது, சட்டையைத் தூக்குங்கள். வயிறு அல்லது நெஞ்சு ஒருமுறை எழுந்து தாழ்ந்தால் ஒன்று. போனில் நேரம் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள், அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம். சிறு குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தையில் 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள், மீண்டும் அதே என்றால் நேரே ஆஸ்பத்திரி. ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40 தொட்டால் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். எண் எதுவாக இருந்தாலும், மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால், பிள்ளை குடிக்கவோ பால் உறிஞ்சவோ முடியாமல் போனால், எல்லாவற்றையும் வாந்தியெடுத்தால், வலிப்பு வந்தால், எழுப்ப எழுப்பச் சோர்ந்து விழுந்தால், உதடு நீலம் பாய்ந்தால், அமைதியாக இருக்கும்போதே மூச்சிழுக்கையில் தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்டால், விடியும்வரை காத்திருக்க வேண்டாம். இருமல் இரண்டு கிழமையைத் தாண்டினால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் காட்டுங்கள், அது காசநோயாகவோ தொய்வாகவோ இருக்கலாம். காய்ச்சல் சூட்டிலும் மூச்சு கொஞ்சம் வேகமாகும், பனடோல் கொடுத்துச் சூடு தணிந்த பின் மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எண்ணும்போது பிள்ளை அழத் தொடங்கினால் நிறுத்தி, தூக்கி ஆற்றி, முதலிலிருந்து எண்ணுங்கள்.